மேற்கு பாலியின் கடலோர வயல் கிராமத்தில் இடம் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் இடம் வாங்கலாமா என்று மாதத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பச்சை வயல், வரப்பு முடிகிற இடத்தில் கடல், தெருவுக்குத் தெரு கோயில். படத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். நான் மூன்று ஆண்டாக ஜெம்பரானா மாவட்டத்தில், பெகுத்தத்தான் வட்டாரத்தின் ஒரு கடலோரக் கிராமத்தில் வாடகைக்கு இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். நான் வக்கீல் இல்லை, தரகரும் இல்லை. பணம் கைமாறும் முன் அங்கே பத்திரம் தயாரிக்கும் அதிகாரியான நோட்டாரிஸ் ஒருவரை நீங்களே அமர்த்திக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது? சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் குட்டா, செமின்யாக் பக்கமா?

அந்தப் பக்கமே இல்லை. பாலியின் தலைநகரான டென்பசாரிலிருந்து தீவின் மேற்கு முனையான கிலிமானுக் வரை பெரும்பாலும் கடலோரமாக ஒரு சாலை போகிறது, சுமார் 128 கி.மீ. அதில் பாதி தாண்டியதும் பெகுத்தத்தான். ஜாவாவிலிருந்து படகேறி டென்பசாருக்கு வரும் சரக்கு லாரிகள் பெரும்பாலும் இந்தச் சாலையில்தான் வரும். விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரம் என்பார்கள். மேட்டில் ஒரு லாரி மூச்சு வாங்க ஆரம்பித்தால் நாலு மணி நேரம்.

கடற்கரை வெள்ளை மணல் இல்லை. எரிமலைக் கரு மணல், அதில் உருண்டைக் கற்கள். எங்கள் வட்டாரத்தின் மெடெவி கடற்கரையில் இடப்பக்கமாக நீளமாக உடையும் ஓர் அலை இருக்கிறது, அதற்காகச் சறுக்குப் பலகைக்காரர்கள் வருவார்கள். குளிக்க ஏற்ற கடல் இல்லை. மலைப்பக்கம் போனால் புனுத் போலோங் என்ற பெரிய ஆலமரம் ஒன்று, அதன் வேர்களுக்கு நடுவே தார்ச்சாலை போகிறது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

கடலோரத் தாழ்நிலத்தில் நெல், வரப்பிலும் மேட்டிலும் தென்னை, மலை ஏற ஏறக் கொக்கோவும் கிராம்பும். பெகுத்தத்தானில் ரப்பர் தோட்டமும் உண்டு. கொக்கோவில் ஜெம்பரானாவுக்கு நல்ல பெயர். மேற்கே மெலாயாவில் உள்ள கெர்த்தா செமாயா சமானியா என்ற கூட்டுறவு, கொட்டையை முறையாகப் புளிக்கவைத்துப் பிரான்சின் வால்ரோனா சாக்லேட் நிறுவனம் வரை அனுப்புகிறது. மீன் என்றால் பெங்கம்பெங்கான் துறைமுகம். பாலி நீரிணையின் லெமுரு என்ற மத்தி வகைக்கு அங்கே டப்பாத் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

சொந்த நிலம் இல்லாதவர்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு உழுகிறார்கள். சரிபாதி என்றால் அதற்கு நந்து என்று பெயர். உழுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் ஙாப்பிட். கதிர் முற்றும் சமயத்தில் பெனெபாஸ் என்ற வியாபாரி வந்து வரப்பில் நின்றபடியே வயலுக்கு ஒரு விலை சொல்வார். அறுவடை, ஆள், மூட்டை எல்லாம் அவர் பாடு. விவசாயிக்குக் கைக்குக் காசு உடனே வந்துவிடும், எவ்வளவு விளைந்தது என்பது மட்டும் தெரியவே தெரியாது.

பள்ளி முடித்த பிள்ளைகள் வயலில் நிற்பதில்லை. டென்பசார் ஓட்டல், உல்லாசக் கப்பல், இல்லாவிட்டால் ஜப்பான். எங்கள் சந்தில் ஏழு வீடு. நாலு வீட்டில் ஒரு பிள்ளையாவது கப்பலில் இருக்கிறான். ஊரில் புதிதாக ஓடு மாற்றிய வீட்டைப் பார்த்தால் அநேகமாக அது கப்பல் காசுதான், நெல் காசு இல்லை.

என் பெயரில் நிலம் வாங்க முடியுமா?

முடியாது. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டம் இதில் வளைந்து கொடுக்காது. முழு உரிமைக்கு அங்கே ஹாக் மிலிக் என்று பெயர். தனி ஆள் என்றால் அது இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான். வாரிசாகவோ திருமண உறவாலோ ஒரு வெளிநாட்டவர் கைக்கு வந்தாலும் ஓராண்டுக்குள் விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிப் போட்டால்?

பினாமி. அங்கே பிஞ்சாம் நாமா, அதாவது பெயர் இரவல் என்கிறார்கள். நண்பர் பெயரில் பத்திரம், பக்கத்தில் ஒரு கடன் ஒப்பந்தம், ஒரு அதிகாரப் பத்திரம் என்று மூன்று தாளைக் கட்டிக் கொடுத்து, காலங்காலமாக நடப்பதுதானே என்பார் தரகர். நடக்கிறது, உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் படியுங்கள். வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ ஹாக் மிலிக் போய்ச்சேரும்படி செய்த மாற்றம் செல்லாது, நிலம் அரசுக்கு, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. நண்பர் தங்கமானவராக இருக்கலாம். அவர் காலமான பிறகு அவர் பிள்ளைகளும் பங்காளிகளும் தங்கமாக இருப்பார்களா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் இத்தனை வெளிநாட்டவர்கள் எப்படி வில்லா கட்டினார்கள்?

மூன்று வழி இருக்கிறது. பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். 20, 25, 30 ஆண்டுக்கு மொத்தமாகப் பணத்தைக் கட்டி நிலத்தை எடுத்து, அதில் வீடு கட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது ஹாக் பக்காய் என்ற பயன்பாட்டு உரிமை. இருப்பதற்கான குடிவரவு ஆவணம் உள்ள வெளிநாட்டவருக்கு இது உண்டு. 30 ஆண்டு, பிறகு 20 ஆண்டு நீட்டிப்பு, அப்புறம் 30 ஆண்டு புதுப்பிப்பு என்று 2021-ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாலியில் தனி வீடு என்றால் குறைந்தது 5 மில்லியார், அதாவது 500 கோடி ரூபியா மதிப்புள்ளதாக இருக்க வேண்டும், இந்திய ரூபாயில் இரண்டரைக் கோடிக்கு மேல். எங்கள் ஊரில் அந்த விலைக்கு வீடே இல்லை. மூன்றாவது, பி.டி. பி.எம்.ஏ. என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஆரம்பித்து, அதன் பெயரில் கட்டட உரிமை எடுப்பது. இதற்கு 10 மில்லியார் ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும், கணக்கு வழக்கும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். தொழில் செய்கிறவர்களுக்கு அது சரி. ஓய்வுக்கு ஒரு வீடு தேடுகிறவருக்குத் தலைவலி.

விலை எப்படிச் சொல்கிறார்கள்?

அங்கே அளவு ஆர். ஒரு ஆர் என்றால் 100 சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். குத்தகையை ஒரு ஆருக்கு ஓராண்டுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். கணக்குப் புரிவதற்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். ஆருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் ரூபியா, 4 ஆர், 25 ஆண்டு என்றால் மொத்தம் 50 கோடி ரூபியா. இந்திய ரூபாய் ஒன்றுக்கு 180 முதல் 190 ரூபியா என்று போட்டால் 26 முதல் 28 லட்சம். கேட்டதும் ‘சென்னையில் கார் நிறுத்த இடம்கூடக் கிடைக்காதே’ என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

மண்ணில் போட்ட காசு வீண்போகாது என்று நாம் சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள். குத்தகை மண் அப்படிப்பட்டதில்லை. ஐஸ் கட்டியை வாங்கிக் கையில் வைத்திருப்பது மாதிரி. பத்தாவது ஆண்டில் விற்கப் போனால் வாங்குபவருக்கு மிஞ்சுவது 15 ஆண்டுதான். ஊரில் விலை ஏறியிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது உருகியிருக்கும். 25-ஆம் ஆண்டு முடிவில் நிலத்தோடு வீடும் உடையவருக்கே போய்விடும், வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் ஒழிய. நீட்டிக்க உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். என்ன விலைக்கு, எந்தக் கணக்கில் என்று இல்லாவிட்டால் அந்த வரி இருந்தும் பயனில்லை. வாடகை வருமானத்துக்கு 10 சதவீத வரி வேறு இருக்கிறது. அதை நில உடைமையாளர் கட்டுகிறாரா, உங்கள் தலையில் விழுகிறதா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வயலைக் குத்தகைக்கு எடுத்து வில்லா கட்டலாமா?

முதல் ஆண்டு ஒரு தரகர் என்னை ஒரு வயலுக்குக் கூட்டிப் போனார். 6 ஆர். நாற்று நட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும், தண்ணீரில் தென்னையின் நிழல், கடைசி வரப்புக்கு அப்பால் கடல். ‘மஞ்சள் பாக் (ஐயா), மஞ்சள்’ என்றார் அவர். குடியிருப்பு மண்டலத்துக்கு வரைபடத்தில் மஞ்சள், சுற்றுலாவுக்கு இளஞ்சிவப்பு, விவசாயத்துக்குப் பச்சை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த வரப்பை ஒட்டியே ஒரு வாய்க்கால். ஒரு பெரியவர் முழங்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டியால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு மரக்கட்டை, அதில் அகலம் பார்த்து வெட்டிய இரண்டு பள்ளம். பக்கத்தில் இடுப்பளவு கல் மாடம், அதில் தென்னங்குருத்துத் தட்டில் காலையில் வைத்த பூ. தரகர் அந்தப் பக்கம் போனதும் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, பள்ளத்தைக் கையால் காட்டிக் கேட்டார்: ‘நீங்கள் வீடு கட்டினால் இந்தத் தண்ணீர் எப்படிக் கீழே போகும்?’

அவர்தான் அந்த சுபாக்கின் பெகாசே, நம் ஊர் மொழியில் நீராணிக்காரர் மாதிரி. சுபாக் என்பது ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் உழவர்களின் சங்கம். கட்டையில் வெட்டிய பள்ளத்தின் அகலம்தான் பங்கின் அளவு, அதை தெக்தெக் என்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த முறையைத்தான். பட்டியலில் உள்ள இடங்கள் வேறு பகுதிகளில் இருந்தாலும் எங்கள் ஊரிலும் நடப்பது அதுவே. மேல்வயலில் ஒருவர் சுவர் எழுப்பினால் கீழ்வயல் எல்லாம் காயும்.

மறுநாள் மாவட்டத் தலைநகரான நெகாரா போய் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்டேன். அந்த வயல் பச்சை. மஞ்சள் என்பது சாலையோரத்துத் துண்டு மட்டும். மண்டலம் போக இன்னொரு பூட்டும் உண்டு. பாதுகாக்கப்பட்ட நெல்வயல் என்று நடுவண் அரசு தனியாக ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. 2021-இல் அது அறிவிக்கப்பட்ட 8 மாகாணங்களில் பாலியும் ஒன்று. மாவட்ட வரைபடத்தில் மஞ்சளாக இருந்து இதில் வயலாக இருந்தாலும் கட்டட அனுமதி சிக்கிக்கொள்ளும். 2025 செப்டம்பர் வெள்ளம் டென்பசாரையும் ஜெம்பரானாவையும் புரட்டிப் போட்ட பிறகு, வயலைக் கட்டடமாக்குவதை ஊரில் யாரும் லேசாகப் பார்ப்பதில்லை. தரகர் வாயால் சொல்லும் நிறத்தை நம்ப வேண்டாம், தாளில் வாங்குங்கள்.

பத்திரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

எஸ்.எச்.எம். என்ற ஹாக் மிலிக் சான்றிதழ் இருக்கிறதா, நில அலுவலகமான பி.பி.என்.-இல் அது சுத்தமாக இருக்கிறதா, வங்கியில் அடகில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆட்கள் பிப்பில் என்ற வரித் தாளைக் காட்டுவார்கள். அது வரி கட்டியதைத்தான் சொல்லும், உரிமையைச் சொல்லாது.

பாலிக்கே உரிய சிக்கல் ஒன்று. சில நிலங்கள் தனி ஆளுடையவை மாதிரி இருக்கும், உண்மையில் தெசா அடாட் என்ற மரபுக் கிராமத்துக்குச் சொந்தம். குடியிருக்கும் மனைக்கட்டு, கோயில் மானியமான லபா புரா, ஊர் ஊழியத்துக்காகக் கொடுத்த நிலம் என்று பல வகை. இவற்றை இருப்பவர் விற்க முடியாது. சான்றிதழில் யார் பெயர் என்று பார்ப்பதோடு நிற்காமல், பெண்டெசா எனப்படும் ஊர்த் தலைவரிடமும் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். காபிக்கு உட்காரச் சொல்வார், உட்காருங்கள்.

அப்புறம் பங்காளிகள். என் பக்கத்து வீட்டுக்காரர் தன் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடப் பேசி, முன்பணமும் வாங்கிவிட்டார். ஐந்து அண்ணன் தம்பி கையெழுத்து வேண்டும். நாலு பேர் போட்டார்கள். ஐந்தாமவர் சுலவேசித் தீவுக்குக் குடிபோய் முப்பது ஆண்டு. அவர் சொன்ன ஒரே பதில், ‘அப்பா நட்ட மரம்.’ முன்பணம் ஏற்கெனவே மகள் கல்யாணத்தில் செலவாகியிருந்தது. அந்த வழக்கு இன்னும் திண்ணையில்தான் நடக்கிறது.

கடலை ஒட்டி வாங்கலாமா?

உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரையோர ஒதுக்கம் என்று 2016-ஆம் ஆண்டின் அதிபர் ஆணை சொல்கிறது. அதற்குள் கட்டிய உணவகங்களைக் காட்டி ‘அவர்கள் கட்டியிருக்கிறார்களே’ என்பார்கள். இருக்கட்டும்.

சட்டத்தை விடக் கடல் பெரிய ஆள். நெகாரா அருகே பெபுவாஹான் கடற்கரையில் சுட்ட மீன் கடைகள் வரிசையாக இருந்த இடம் இன்று பாதி கடலுக்குள். வீடுகளும் போயின. அங்கே தென்னை வேர் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து பேரம் பேசுங்கள். நிலம் அழிந்துபோனால் அதன் மேலிருந்த உரிமையும் அழியும் என்பது இந்தோனேசிய விதி. பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கும், மனை மீனுக்கு.

கோயிலுக்கும் தூரம் உண்டு. பக்கத்து வட்டாரத்தில் கடல் பாறைமேல் ரம்புத் சிவி கோயில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரார்த்தர் என்ற குருவின் தலைமுடிக் கற்றை வைத்து வழிபடும் இடம். இப்படிப்பட்ட கோயில்களைச் சுற்றி 2 கி.மீ. புனித வட்டம் என்று 1994-இல் இந்து சமய மன்றம் அறிவித்திருக்கிறது. கட்டடத்தின் உயரமும் 15 மீட்டருக்குள், ஒரு தென்னை மரம் அளவு.

விரைவுச் சாலை வரப்போகிறதாமே, விலை ஏறாதா?

கிலிமானுக்கிலிருந்து டென்பசார் அருகே உள்ள மெங்வி வரை 96 கி.மீ. சுங்கச் சாலை. 2022 செப்டம்பரில் எங்கள் பெகுத்தத்தானில்தான் அடிக்கல் விழா நடந்தது. விழா முடிந்த பந்தலைப் பிரித்தார்கள், வேலை நகரவில்லை. சாலை போகும் கோட்டில் அளந்து முளை அடித்த நிலத்துக்காரர்கள்தான் பாவம், விற்கவும் முடியாமல், வங்கியில் வைக்கவும் முடியாமல், நஷ்ட ஈடும் வராமல் நின்றார்கள். தரகர்கள் மட்டும் இன்றும் அந்தச் சாலையைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். சாலை வந்தால் எங்கள் ஊரில் வண்டி நிற்குமா, இல்லை தாண்டிப் போய்விடுமா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நாமும் இந்துதானே, ஊரோடு எளிதாக ஒட்டிக்கொள்ளலாமா?

சிரித்த முகத்தோடு பேசுவார்கள். சிவன், கங்கை, இராமாயணம் என்றால் இரண்டு மடங்கு சிரிப்பார்கள். அதற்கு மேல், நீங்கள் தமியு, அதாவது விருந்தாளி. ஊர் உறுப்பினர் என்பது பஞ்சார் என்ற ஊர்ப்பகுதிச் சங்கத்தில் பெயர் இருப்பது. குல்குல் என்ற மரமணி அடித்தால் போக வேண்டும். கோயில் வேலைக்கு, இழவுக்கு, தகனத்துக்கு எல்லாம். அதைச் செய்யாத ஆளை ஊரே ஒதுக்கி வைப்பதும் உண்டு. விருந்தாளிக்கு அந்தக் கடமை இல்லை, மாதா மாதம் ஒரு தொகை கட்டினால் போதும். நான் காசோடு நிற்காமல் பந்தலுக்கு மூங்கில் பிளக்கப் போனேன். மூங்கிலை நான் பிளந்த அழகைப் பார்த்துத் தேங்காய் துருவ அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அன்றிலிருந்து என்னைத் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஊர் முழுக்க இந்து என்றும் நினைக்க வேண்டாம். மெடெவியில் முஸ்லிம் குடியிருப்பு இருக்கிறது, நெகாரா பக்கம் லோலோவானில் சுலவேசியிலிருந்து வந்த பூகிஸ் மக்களின் வழி வந்தவர்களின் பழைய மர வீடுகள். விடியற்காலையில் பாங்கு, அப்புறம் சேவல், அப்புறம் கோயில் ஒலிபெருக்கி. நியேப்பி என்ற மௌன நாளில் மட்டும் 24 மணி நேரம் விளக்கில்லை, வண்டியில்லை, விமானமும் இல்லை. அந்த இரவின் வானத்துக்காகவே ஒருமுறை இருக்கலாம்.

சாப்பாடு, ஆஸ்பத்திரி, பள்ளி?

துவரம்பருப்பு கிடையாது, டென்பசார் போகும்போது வாங்கி வர வேண்டும். முருங்கைக் கீரை வேலியெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. கெலோர் என்கிறார்கள், அவர்களும் சாறு வைப்பார்கள். காய் பறிப்பதைப் பார்த்தால்தான் ஆச்சரியப்படுவார்கள். கரண்ட் முன்பணக் கட்டணம். கடையில் எண் வாங்கி மீட்டரில் அழுத்த வேண்டும், தீரப்போகும்போது மீட்டர் பீப் பீப் என்று தெருவுக்கே சொல்லும். காய்ச்சல், தையல் என்றால் பக்கத்துப் புஸ்கெஸ்மாஸ் என்ற அரசுச் சுகாதார நிலையம், அதற்கு மேல் நெகாரா, பெரிய விஷயம் என்றால் டென்பசார். அந்தச் சாலையில் ஆம்புலன்சும் லாரிக்குப் பின்னால்தான் போகும். இதய நோய் உள்ள பெற்றோரை இங்கே குடிவைக்க நினைத்தால் நான் வேண்டாம் என்பேன். நாய்க்கடியை அலட்சியப்படுத்த வேண்டாம், 2008 முதல் பாலியில் வெறிநோய் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆங்கிலவழிப் பள்ளி வேண்டும் என்றால் இந்த ஊர் சரிப்படாது.

நெல் விதைத்துப் பிழைக்கலாமா?

முடியாது. விவசாய நிலம் உங்களுக்குக் கிடைக்காது, சுற்றுலா விசாவில் வேலை செய்வதும் குற்றம்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்பலாமா?

நிதியாண்டுக்கு ஒருவர் 2,50,000 டாலர் வரை ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும், பிறகு வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யலாம். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இதைக் காட்டாமல் விடுவது பெரிய தப்பு. தரகர் ‘சிங்கப்பூர் வழியாக ரொக்கம்’ என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் ஏன் இன்னும் வாடகையிலேயே இருக்கிறீர்கள்?

ஆண்டு வாடகை. கூரை ஒழுகினால் வீட்டுக்கார அக்காவிடம் சொல்கிறேன், இபு என்றுதான் கூப்பிடுவது. அவர் மகன் ஏணியோடு வருகிறான். நில விலை, சாலை, மண்டல நிறம் எதுவும் என் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. இரண்டாம் ஆண்டு ஒரு குத்தகைக்குப் பேனாவைக் கையில் எடுத்தேன் என்பதும் உண்மை. அந்த மழையில் ஆறு கரைபுரண்டு, நான் பார்த்து வைத்திருந்த மனையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. பேனாவை வைத்துவிட்டேன்.

வந்து பார்க்க எந்த மாதம் நல்லது?

ஜூலை, ஆகஸ்டில் வந்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், தரகருக்கு அதுதான் பிடித்த மாதம். இடம் பார்க்க வருகிறவர் ஜனவரியில் வாருங்கள். மழை கொட்டும், சுவரில் பூஞ்சை பூக்கும், கடல் குப்பையைக் கரையில் தள்ளியிருக்கும். மெடெவியில் ஒரு மாதத்துக்கு அறை எடுத்து, காலையில் வாய்க்கால் ஓரமாக நடங்கள். பெகாசேயைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவருக்கு வெற்றிலை பிடிக்கும்.